பெற்றோரின் கடன் முழுவதும் பிள்ளையின் தலையில் விழுவதில்லை

காப்பீடு எடுக்காமல் தாயோ தந்தையோ இறந்துவிட்டால் அவர்களுடைய கடன் முழுவதையும் மாணவரே அடைக்க வேண்டும், அதனால் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போவதே ஒரே வழி என்று சிலர் சொல்வது தவறானது. துக்கத்தில் இருக்கும் ஒருவர் இதை நம்பிவிடக் கூடும் என்பதால்தான் திருத்துகிறேன்.

பல நாடுகளில் கடன் முதலில் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்தே தீர்க்கப்படும். அது போதாவிட்டால், இணைக் கடனாளியாகவோ பிணையாளராகவோ கையெழுத்திடாத பிள்ளை தன் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. கடனும் வாரிசுக்கு வந்து சேரும் நாடுகளில் பரம்பரைச் சொத்தை மறுக்கும் உரிமை உண்டு, ஆனால் காலக்கெடு கடுமையானது: இறப்பும் தான் வாரிசு என்பதும் தெரிந்ததிலிருந்து ஜெர்மனியில் பொதுவாக 6 வாரம், ஜப்பானில் 3 மாதம். ஆகவே வசூலிக்க வருபவர் நீட்டும் 'பொறுப்பேற்கிறேன்' என்ற தாளில், சட்ட உதவி மையத்தில் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

உண்மையான அடி வேறிடத்தில் விழுகிறது. சம்பளம் நின்றுபோகும், வங்கிக் கணக்கு முடங்கும், மருத்துவமனைச் செலவும் இறுதிச்சடங்குச் செலவும் சேமிப்பைக் கரைத்திருக்கும், அடுத்த பருவக் கட்டணத்தின் கெடுவோ நகராது. தனிக் காப்பீடு இல்லை என்பதாலேயே எதுவும் வராது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வேலை பார்த்த இடத்தின் வருங்கால வைப்பு நிதி, குழுக் காப்பீடு, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றை விசாரியுங்கள். கல்வி நிறுவனத்திடம் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, மாறிய வருமானத்தின் அடிப்படையில் உதவித்தொகையை மறுபரிசீலனை செய்யுமாறு எழுத்துமூலம் கேளுங்கள். அதுவும் போதாவிட்டால், படிப்பை விட்டு விலகாமல் தற்காலிக விடுப்புக்கு விண்ணப்பியுங்கள்.