ரூபாய்க்குப் பத்து பைசா கணக்கு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாளிதழ் மேசைக்கு நேர் மேலே கூரை ஒழுகுகிறது. மழைக்காலம் வந்தால் மேசை நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி வந்து உட்கார்ந்துவிடும். வாளிக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் பேப்பர் படிப்போம். நூலகரிடம் கேட்டால், "நிதி இல்லைங்க சார், எழுதிப் போட்டிருக்கேன்" என்பார். அவர் மேல் தப்பில்லை. நாலு வருடமாக எழுதிப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

நிதி இல்லை என்பதுதான் எனக்கு இடித்தது. வீட்டு வரி கட்டும் எல்லோரும் நூலக வரியையும் சேர்த்தேதான் கட்டுகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. 1948இல் அன்றைய சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்கீழ் வசூலாகும் பணம் இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதன் பின்னால் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல வருட உழைப்பு இருக்கிறது. நகராட்சி வசூல் செய்ய வேண்டும், மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டிவிட வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். எங்கள் நகராட்சி எவ்வளவு வசூலித்தது, அதில் எவ்வளவு கட்டியது? இந்த இரண்டு எண்களைப் பார்க்க எனக்குப் பதினோரு மாதம் பிடித்தது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெள்ளைத்தாள் போதும். மாநில அலுவலகம் என்றால் பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் சரி. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: "ஏன்" என்று கேட்டுவிடக் கூடாது. "ஏன் கூரையைச் சரிசெய்யவில்லை?" என்று எழுதினால், "வினா வடிவில் கேட்கப்பட்டுள்ளதால் தகவல் அளிக்க இயலாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பதிவேட்டின் நகல், ஆணையின் நகல், செலுத்துச்சீட்டின் நகல் என்று காகிதமாகக் கேட்க வேண்டும். நானும் அப்படித்தான் கேட்டேன். ஐந்து நிதியாண்டு, வசூலான நூலக வரி, செலுத்திய நூலக வரி, செலுத்தியதற்கான ரசீது நகல்.

சட்டம் கொடுத்திருப்பது முப்பது நாள். பதில் 29ஆம் நாள் தேதியிட்டு வந்தது. இந்த விஷயத்தில் நம் அலுவலகங்களின் நேரம் தவறாமையை நான் மெச்சுகிறேன். உள்ளே அரைப்பக்கக் கடிதம். பொருள், பார்வை, ந.க. எண், கோபுர முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. "பார்வையில் காணும் தங்கள் மனுவில் கோரப்பட்ட தகவல்கள் மாவட்ட நூலக அலுவலகம் தொடர்புடையவை என்பதால் அவ்வலுவலகத்தை அணுகிப் பெற்றுக்கொள்ளுமாறு தெரிவிக்கப்படுகிறது."

வரியை வசூலித்தது இவர்கள். ரசீது கிழித்துக் கொடுத்தது இவர்கள். வசூல் கணக்கு மட்டும் வேறு அலுவலகத்தில் இருக்கிறதாம். அப்படியே இருந்தாலும் மனுவை ஐந்து நாளுக்குள் அங்கே அனுப்பிவைத்து எனக்கும் தெரிவிக்க வேண்டியது இவர்கள் வேலை. பிரிவு 6(3) அதற்குத்தான் இருக்கிறது. சரி, போகட்டும் என்று மாவட்ட நூலக அலுவலகத்துக்கும் ஒரு மனுப் போட்டேன். அங்கிருந்து, "வசூல் விவரம் உள்ளாட்சி அமைப்பின் வசம் உள்ளது" என்று வந்தது. அது பாதி உண்மை. செலுத்திய கணக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

பலரும் நினைப்பதுபோல இன்றைக்கு எந்த அலுவலகமும் தகவலை மறுப்பதில்லை. மறுத்தால் வேலை கூடும். எந்தப் பிரிவின்படி மறுக்கிறோம், யாரிடம் எத்தனை நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்பதையெல்லாம் பிரிவு 7(8)இன்படி எழுத வேண்டும். எழுத்தில் மறுத்தவர் நாளைக்கு எங்கேயாவது நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட ஒரு கடிதம் போட்டுவிடுவது சுலபம். கடிதம் போனால் பதிவேட்டில் அந்த மனுவுக்கு நேரே "பதில் அளிக்கப்பட்டது" என்று எழுதிக்கொள்ளலாம். மாதாந்திர அறிக்கையில் நிலுவை பூஜ்யம். தகவல் போனதா என்று கேட்க அந்த அறிக்கையில் கட்டமே கிடையாது. கடிதத்தைத் தகவலாகக் கணக்குக் காட்ட எப்போது பழகினார்களோ, அப்போதே சட்டம் பாதி செத்துவிட்டது என்பேன்.

முதல் மேல்முறையீடு யாரிடம் போகிறது? அதே கட்டடத்தில் ஓர் அறை தள்ளி உட்கார்ந்திருக்கும் மேலதிகாரியிடம். முப்பது நாளில், மிஞ்சினால் 45 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? ஒன்றும் இல்லை. பிரிவு 20இல் இருக்கும் அபராதம், நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000, மனுவுக்கு முதலில் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு மட்டும்தான். மேல்முறையீட்டு அலுவலருக்கு அந்தக் கவலை இல்லை. என் மேல்முறையீட்டுக்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "தங்களுக்கு ஏற்கெனவே பதில் வழங்கப்பட்டுள்ளது." ஆமாம் ஐயா, வழங்கப்பட்டது. அதைப் பற்றித்தானே மேல்முறையீடே!

அடுத்தது மாநிலத் தகவல் ஆணையம். 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு போடலாம். ஆனால் அதை விசாரிக்க அங்கே ஆள் இருக்க வேண்டும். ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2020 மே மாதத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் தகவல் ஆணையம் ஆணையரே இல்லாமல் கிடந்தது. ஆணையர் பணியிடங்களை நிரப்பாமல் போட்டுவைத்தால் இந்தச் சட்டம் செத்த எழுத்தாகிவிடும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. 2019 திருத்தம் இன்னொரு வேலை செய்தது. ஆணையர்களின் பதவிக்காலமும் சம்பளமும் முன்பு சட்டத்திலேயே இருந்தன. அவற்றை எடுத்து ஒன்றிய அரசின் கையில் கொடுத்துவிட்டது. ஐந்து வருடம் மூன்று வருடமானது. தன் அடுத்த நாற்காலியை அரசிடம் எதிர்பார்க்கும் ஒருவர் அரசு அலுவலருக்கு அபராதம் போடுவார் என்று நம்ப எனக்கு ஆசைதான்.

அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் இந்நேரம் கமெண்டில் வந்து நிற்பீர்கள், தெரியும். மிரட்டிப் பணம் பறிப்பதற்கென்றே மனுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஆள் நூறு மனுப் போடுகிறார். பொதுத் தகவல் அலுவலர் என்பது தனி வேலை இல்லை, இருக்கிற வேலைக்கு மேல் ஏற்றிவைத்த சுமை. எல்லாம் உண்மை. 75 சதவீத ஊழியர்கள் 75 சதவீத நேரத்தைத் தகவல் திரட்டித் தருவதிலேயே செலவிடும் நிலை நாட்டுக்கு வேண்டாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்மை. அந்த வரியைப் பல அலுவலகங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. மாணவர்கள் தங்கள் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். அதை மட்டும் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

என் பதில் ஒன்றுதான். கேட்காமலே வெளியிடச் சொல்கிறது பிரிவு 4. 2005இல் சட்டம் வந்து 120 நாளில் செய்திருக்க வேண்டிய வேலை. நூலக வரி வசூல் இவ்வளவு, கட்டியது இவ்வளவு என்று நகராட்சி வாசலில் ஒரு பலகையில் எழுதிவைத்திருந்தால் நான் ஏன் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்க அலையப்போகிறேன்? மனுக்கள் அதிகம் வருகின்றன என்று புலம்பும் அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மாறிப்போன நகராட்சி ஆணையரின் படம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்.

நீதிமன்றங்களும் தடுக்கி விழாமல் இல்லை. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் எழுதிவிட்டது. ஊர் முழுக்க ஒரே களேபரம். சில நாளிலேயே, பிரிவு 6(2)ஐக் கவனிக்கவில்லை என்று அந்த அமர்வே தானாக முன்வந்து அந்தப் பகுதியை நீக்கியது. தவறை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்ட அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்திருந்தது. அலுவலகங்களிலோ "எதற்குக் கேட்கிறீர்கள்?" என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. எனக்கும் போன் வந்தது. "சார், பத்திரிகையா?" என்றார்கள். "இல்லைங்க, பேப்பர் படிக்கிறவன்" என்றேன்.

இந்தச் சட்டம், படித்தவர்கள் டில்லியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது என்று சிலர் நினைக்கிறார்கள். 1990களில் ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்குப் போய்க் கூலி குறைத்து வாங்கிய ஜனங்கள்தான் ஆரம்பித்தார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பின் மக்கள் விசாரணைகளில், வேலைக்கு வந்தவர்கள் என்று அரசு எழுதிவைத்திருந்த பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, ஊரைவிட்டே போனவர் பெயரில் கூலி. பெயரை வாசித்ததும் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலின் நகலைக் கொடு என்று கேட்டுத்தான் 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா உட்கார்ந்தார்கள்.

இப்போது கவனியுங்கள். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போகிற போக்கில் தகவல் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவையும் திருத்திவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு, பொது வேலைக்குச் சம்பந்தமில்லாத அந்தரங்க விவரத்தைத்தான் மறுக்கலாம். பொதுநலன் இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. இப்போது தனிநபர் விவரம் என்றால் போதும், அந்தப் பிரிவு முடிந்தது. பொதுநலனைக் காட்டிக் கொடுக்க 8(2) இன்னும் இருக்கிறது என்று அரசு சொல்கிறது. இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்கும் அலுவலர் எங்கே இருக்கிறார்? பெயர்ப் பட்டியலைக் கேட்டுப் பிறந்த சட்டத்தில் பெயரைக் கேட்டாலே மறுக்க ஒரு பிரிவு தயாராக இருக்கிறது. வேலைக்கு வந்தவர் பட்டியல், வீடு வாங்கிய பயனாளி பட்டியல், எல்லாவற்றிலும் பெயர்தானே இருக்கும்!

என் கதைக்கு வருகிறேன். ஆணையத்துக்குப் போகாமல் வேறு வழி பார்த்தேன். பழைய மனுவைவிட்டு, புதிதாக ஒரு மனு: நகல் வேண்டாம், பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும். பிரிவு 2(ஜெ)இல் இந்த உரிமை இருக்கிறது, நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. இதற்கு யாரையும் கைகாட்ட முடியவில்லை. ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

பதிவறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. குனிந்துதான் போக வேண்டும். சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள் தரையிலிருந்து கூரை வரை. கீழ் வரிசை முழுக்க ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. வருவாய்ப் பிரிவில் இருக்கும் ஓர் அம்மா, கையில் ஒரு பழைய துண்டோடு வந்தார். மூட்டையைப் பிரித்து, தூசி தட்டி, கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டை எடுத்துவைத்தார். "நீங்க கேட்டது இதுலதான் சார் இருக்கு. முதல் மனு வந்தப்பவே நான் சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நூலக வரிக்குத் தனிப் பத்தி இருந்தது. ஐந்து வருடமும் வசூல் அழகான கையெழுத்தில், கூட்டல் சரியாக. பக்கத்தில் செலுத்திய விவரத்துக்கான பத்தி. முதல் இரண்டு வருடத்துக்குத் தேதியும் தொகையும் இருந்தன. அடுத்த மூன்று வருடத்துக்கு ஒன்றுமே எழுதவில்லை. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, வெறும் கோடு போட்ட காகிதம். வேறு பதிவேட்டில் இருக்கலாமோ என்று கேட்டேன். அந்த அம்மா தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை. ஆறு பக்கம் நகல், பக்கத்துக்கு இரண்டு ரூபாய், பன்னிரண்டு ரூபாய் கட்டி ரசீது வாங்கினேன். பதினோரு மாதம் நான் துரத்திய தகவலை எடுக்க நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அதில் பாதி நேரம் தூசி தட்டியது.

கிளம்பும்போது அந்த அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், எங்கப்பா வேற டிபார்ட்மென்ட்ல ரிட்டையர் ஆனவரு. பென்ஷன் ஃபைல் எங்க நிக்குதுன்னே தெரியல. இந்த மாதிரி மனு அதுக்கும் போடலாமா?" என்று கேட்டார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அப்பா கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், "ஏன்" என்று ஒரு இடத்திலும் கேட்கக் கூடாது என்றும் சொன்னேன்.

அந்த மனுவுக்கு 22ஆம் நாளே பதில் வந்துவிட்டதாகப் போன வாரம் வரி கட்டப் போனபோது சொன்னார். மூன்று வருடப் பணம் வந்துசேர்ந்ததா என்று மாவட்ட நூலக அலுவலகத்துக்கு நான் போட்ட இரண்டாவது மனுவுக்கு இன்றோடு 34 நாள். இன்னும் கடிதம்கூட வரவில்லை. நேற்று ராத்திரி நல்ல மழை.