பீடியின்மேல் பழி போடாதீர்கள்

சென்ற வாரம் நம் பக்கத்து மாவு மில்லில் நடந்த வெடிப்பைப் பற்றி நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், தருமபுரி அரசு மருத்துவமனையில் தீக்காயத்தோடு கிடக்கும் அந்தப் பையனைக் குறித்து, 'பீடி பற்ற வைத்திருப்பான், வேறென்ன' என்று ஒருவர் எழுத, அதற்கு நாற்பது பேர் விருப்பக்குறி இட்டிருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. அவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

மாவுத் தூசு வெடிக்கும். தீப்பொறி எங்கிருந்து வந்தது என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால் உத்தரத்திலும் தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரின் குழியிலும் மாதக்கணக்கில் தூசு படிய விட்ட இடத்தில், பொறிக்குப் பீடிதான் வேண்டும் என்பதில்லை. கிரீஸ் காணாத பேரிங் போதும், நழுவித் தேயும் பெல்ட் போதும், தானியத்தோடு உள்ளே போன ஓர் ஆணி போதும். 1998 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஹேஸ்வில்லில் பெரும் தானியக் கிடங்கு ஒன்று வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். மசகு இல்லாமல் இறுகிப்போன உருளை பேரிங் ஒன்றே பெரும்பாலும் காரணம் என்று ஆய்வுக் குழு சொன்னது. அங்கே யாரும் பீடி பிடிக்கவில்லை.

'எங்கள் வீட்டில் கேழ்வரகு மாவு டப்பா டப்பாவாக இருக்கிறது, அது வெடிக்கிறதா?' என்று கேட்டவருக்குப் பொறுமையாகவே சொல்கிறேன். விறகுக் கட்டை பற்ற நேரமாகும், அதையே சீவிய சிராய் நொடியில் பற்றும். மூட்டையில் இருக்கும் மாவு கருகும், அவ்வளவுதான். அதே மாவு அடைத்த அறைக்குள் புகைபோலக் காற்றில் பரவி நிற்கும்போது, ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்திருப்பதால், ஒரு பொறியில் எல்லாம் ஒருசேர எரிந்து, சூடான காற்று வெளியேற வழியின்றிச் சுவரைப் பிளக்கிறது. முதல் வெடி பெரும்பாலும் சிறியது. அதன் அதிர்வில் உத்தரத்துத் தூசு முழுவதும் உதிர்ந்து பரவ, இரண்டாவதாக வருவதுதான் ஆளைக் கொல்கிறது. 1785இல் இத்தாலியின் டூரின் நகரத்து மாவுக் கிடங்கில் ஒரு விளக்கால் நடந்த வெடிப்பையே அக்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இருநூறு வருடத்துக்கும் மேல் தெரிந்த விஷயம் இது.

என் மாமா ஒரு மக்காச்சோளத் தீவன ஆலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தார். கம்ப்ரசர் காற்றை அடித்துத் தூசைக் 'கழுவ'ச் சொல்வார்கள். அது தூசை அகற்றுவதில்லை, கிளப்பித்தான் விடும். ஒரு நாள் மேல்தளத்தில் வெல்டிங் நடந்துகொண்டிருக்க, கீழே இவரைக் காற்றடிக்க வைத்தார்கள். குப்பென்று ஒரு வெளிச்சம் வந்தது என்பதைத் தவிர அவருக்கு எதுவும் நினைவில்லை. வலக்கை விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. அப்போதும் பீடி என்றுதான் சொன்னார்கள். வாழ்நாளில் ஒரு பீடியைத் தொடாதவர் அவர். நஷ்டஈடு கேட்கப் போன என் அத்தையிடம் அதையே சொல்லி வாசலோடு அனுப்பினார்கள்.

'சின்ன மில்காரர் செலவுக்கு எங்கே போவார்?' என்கிறீர்கள். துடைப்பத்துக்கும் கிரீஸுக்கும் எவ்வளவு ஆகும்? வெல்டிங் வைக்கும் நாளில் மெஷினை நிறுத்திக் கூட்டி அள்ள அரை நாள் ஆகும். அந்த அரை நாளைத்தான் எல்லாரும் தர மறுக்கிறார்கள். 1977 டிசம்பர் 22இல் லூசியானாவின் வெஸ்ட்வீகோவில் தானியக் கிடங்கு வெடித்து 36 பேர் செத்து, ஐந்தே நாளில் டெக்சாஸின் கால்வெஸ்டனிலும் வெடித்த பிறகும், அமெரிக்கா தானியக் கிடங்குகளுக்கென விதி கொண்டுவர 1987 ஆனது. முக்கியமான இடங்களில் தூசு ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக்கு மேல் படிந்தால் உடனே அகற்ற வேண்டும் என்பது அந்த விதி. எட்டில் ஒரு பங்கு! நம் மில் உத்தரங்களில் விரலால் பெயர் எழுதலாம்.

நீ என்ன இன்ஜினியரா என்று கேட்பவர்களுக்கு, இல்லை. அந்தக் கைக்குப் பத்து வருடமாகச் சோறு பிசைந்து கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவன்.

நேற்று இரவு மாமா அந்தப் பதிவைப் படித்துக் காட்டச் சொன்னார். பீடி என்ற சொல் வந்ததும் நிறுத்திவிட்டேன். அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. 'அந்தப் பையனுக்கு எந்தக் கைடா?' என்று மட்டும் கேட்டார்.