மூன்று சென்டிமீட்டர் பனிக்கே பயந்த கூரை

கனடாவின் மான்ட்ரியலில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக இரண்டு மீட்டர் பனி கொட்டும். அந்த ஊரின் ஒலிம்பிக் மைதானத்தில், மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பனி வரும் என்று வானிலைக்காரர்கள் சொன்னாலே நிகழ்ச்சி நடத்தக்கூடாது என்று இருந்தது. பழைய கூரை தாங்காதாம். ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கை வைத்துக்கொண்டு இது என்ன கொடுமை!

1976 ஒலிம்பிக் போட்டிக்குக் கூரையும் வரவில்லை, அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய சாய்கோபுரமும் பாதியில் நின்றது. 1987இல் ஒருவழியாகக் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழைத் துணியைப் போட்டு, கோபுரத்திலிருந்து கேபிளால் தூக்கி இறக்கினார்கள். காற்றில் கிழிந்துகொண்டே இருந்தது. 1998இல் திறக்காத கூரையாக மாற்றினார்கள். மறு ஜனவரியே பனிப் பாரத்தில் அது கிழிந்து, கீழே கார் கண்காட்சிக்கு வேலை செய்தவர்கள்மேல் விழுந்தது. பனி அதிகமுள்ள ஊரில், சுமை ஒரே இடத்தில் சேரும் துணிக்கூரை எதற்கு?

"ஓர் ஆண் கர்ப்பமாகிக் குழந்தை பெற்றாலும் பெறுவான், ஒலிம்பிக்கில் நஷ்டம் வராது" என்கிற தொனியில் பேசியவர் அப்போதைய மான்ட்ரியல் மேயர் ழான் திராப்போ. கடன் அடைந்தது 2006இல், முப்பது வருஷம் கழித்து. அதற்குச் சிகரெட் வரி வேறு.

நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மெட்ரோ கிழக்கே நீண்டது. சைக்கிள் பந்தய அரங்கு 1992இல் பயோடோம் என்ற, கூரைக்குள் காடும் விலங்குகளுமாக இருக்கும் காட்சியகம் ஆகி, இன்றும் கூட்டம் வருகிறது. ஆனால் கூரை? 2024இல் மறுபடியும் புதுசு என்று அறிவித்தார்கள். செலவு 87 கோடி கனடா டாலர்.