மந்தையைப் பார்த்துவிட்டு விமானத்தைப் பாருங்கள்

அலாஸ்காவுக்குக் கரிபூ (வட துருவப் பக்கத்துக் காட்டு மான்) வேட்டைக்குப் போகிறேன், இடம் சொல்லுங்கள் என்று டெக்சாஸ் தம்பி ஒருவர் பதிவு போட்டார். மந்தை குறைந்துவிட்டது, முதலில் அதைப் பாருங்கள் என்று நான் கீழே எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிட்டிருக்கிறார்கள். "கரிபூ என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா அண்ணா, இடத்தைச் சொன்னா குறைஞ்சா போயிடும்?" என்று கேட்ட டெக்சாஸ் தம்பிக்கும், அதற்கு ஹார்ட் போட்ட அன்பர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதிவு. ஆமாம் தம்பி, குறைந்துதான் போய்விட்டது. உன் பதிவுக்குக் கீழே நாலே வரியில் நான் சொன்னதும் அதுதான்.

தம்பி வடமேற்கு அலாஸ்காவின் கொட்சபியூ ஊரிலிருந்து பறக்க ஏர் டாக்ஸிக்கு (வாடகைச் சிறு விமானம்) அட்வான்ஸ் கட்டியாயிற்று, கூடாரம் வாங்கியாயிற்று, துப்பாக்கிக்கு ஸ்கோப் மாற்றியாயிற்று. எல்லாம் எந்த தைரியத்தில்? பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ எடுத்த வீடியோவில் மலைச்சரிவு முழுக்க கரிபூ நகர்ந்துகொண்டிருக்கிற தைரியத்தில். வீடியோ பொய்யில்லை, பழசு. அந்தப் பக்கம் சுற்றுகிற மேற்கு ஆர்க்டிக் மந்தையில் 2003-இல் 4,90,000 கரிபூக்கள். 2019-இல் 2,44,000. 2021-இல் 1,88,000. 2023-இல் 1,52,000. ஜூலையில் கொசுத்தொல்லை தாங்காமல் கரிபூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற நாட்களில் மாநில வனவிலங்குத் துறைக்காரர்கள் விமானத்தில் போய்ப் படமெடுத்து, அந்தப் படங்களை வைத்து எண்ணிச் சொல்கிற கணக்கு இது. நான் பொறாமையில் உட்கார்ந்து எழுதியது இல்லை.

"ஒன்றரை லட்சம் இருக்கே, உங்களுக்கு ஒன்று எனக்கு ஒன்று போதாதா?" என்று ஒருவர் சிரிப்பு எமோஜியோடு கேட்டிருந்தார். இந்த ஒன்றரை லட்சமும் சுற்றுகிற பரப்பு தமிழ்நாட்டைப்போல மூன்று மடங்கு, சார். அதற்குள் ஒரு ஆற்று மணலில் உங்களை இறக்கிவிட்டுப் போய்விடுவார் பைலட். மந்தை அந்தப் பக்கம் வரவில்லை என்றால் நடந்து தேடிப் பிடிக்கிற தூரமா அது? இலையுதிர் காலத்தில் தெற்கே இறங்குவதும் முன்பைவிடத் தாமதமாகிவிட்டது. செப்டம்பர் நடுவில் கோபுக் ஆற்றைக் கடக்கும் என்று பழைய ஆட்கள் சொன்னதை நம்பி டிக்கெட் போட்டால், மழையும் மூடுபனியும் பார்த்துவிட்டு வரலாம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மந்தையின் கணக்கை முதலில் பாருங்கள், விமானம், துப்பாக்கி, கூடாரம் எல்லாம் அப்புறம்.

இது ஒரு மந்தையின் கதையும் இல்லை. அலாஸ்காவிலேயே இன்னொரு மந்தையான முல்சாட்னா 1990-களில் இரண்டு லட்சம் வரை போனது. 2019-இல் சுமார் 13,000, அப்புறம் வேட்டையையே மூடினார்கள். நெல்சினா மந்தை 2023-இல் பத்தாயிரத்துக்கும் கீழே, அங்கேயும் மூடல். வட அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலைப் பக்கம் வரும் மத்திய ஆர்க்டிக் மந்தை 2010-இல் 70,000, 2016-இல் 22,000, பிறகு கொஞ்சம் தேறியிருக்கிறது. எல்லாமே அழிந்துவிட்டது என்று நான் எங்கும் சொல்லவில்லை. கனடா எல்லையோரப் பார்க்கியூபைன் மந்தை 2017-இல் 2,18,000 என்று உச்சம் தொட்டதையும் அதே கமென்ட்டில் எழுதியிருந்தேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் அந்த வரியை மட்டும் அழகாக வெட்டிவிட்டார்.

"ஏறும் இறங்கும், இயற்கைதானே?" சரி, இது நியாயமான கேள்வி. 1970-இல் 2,42,000 இருந்த இதே மேற்கு ஆர்க்டிக் மந்தை 1976-இல் 75,000 ஆனது, அங்கிருந்துதான் ஐந்து லட்சத்தை நெருங்கியது. ஆனால் அப்போது வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள், அதைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது. இப்போது பனிமேல் மழை பெய்து உறைந்தால் கரிபூ குளம்பால் தோண்டிப் பாசி போன்ற லைக்கனைத் தின்ன முடியாது, பெண் கரிபூக்களின் சாவும் கூடியிருக்கிறது. இறங்குவது இயற்கை என்றே வைத்துக்கொள்வோம். இறங்கும்போது நீ போய் நிற்க வேண்டுமா என்பதுதானே கேள்வி?

கொல்வதே பாவம் என்று வந்தவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பிராய்லர் கோழி பிரியாணி படம் போட்ட கையோடு வந்தவர்களுக்குப் பதிலும் இல்லை.

என்னை உண்மையில் சுட்டது வேறு. "உள்ளூர்க்காரனே ஒரு நாளைக்கு அஞ்சு சுடுறான், அவனைக் கேளுங்க" என்று ஒருவர். ஐயா, ஒரு நாளைக்கு ஐந்து என்றிருந்ததை வருஷத்துக்கே 15, அதில் பெண் ஒன்றுக்கு மேல் கூடாது என்று 2024 ஜனவரியில் குறைத்தாயிற்று. அவர்கள் கொம்புக்காகச் சுடவில்லை. ஆங்கரேஜில் என்னோடு வேலை பார்க்கிற இனுபியாக் (வட அலாஸ்காவின் பூர்வகுடி) அக்காவுக்கு நோவாடக் கிராமத்திலிருந்து அவர் அம்மா வாழைப்பழ அட்டைப்பெட்டியில் சாமான் அனுப்புவார். மேலே மார்க்கரில் பெயர், நாலு பக்கமும் டேப். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய உலர்ந்த கரிபூ இறைச்சி, கறுத்து, ஓரம் மட்டும் கொழுப்பு மஞ்சளாக. முதல் துண்டைக் கடைசி நாற்காலியில் இருக்கிற எனக்குத்தான் நீட்டுவார். போன இலையுதிர் காலத்துப் பெட்டியில் மீன் மட்டும்தான் இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியை மடித்து வைத்துவிட்டுப் போனார். முன்னால் வரும் கரிபூக்களைத் தொடாதே, அவை கடந்து போனால்தான் பின்னால் வருபவை அதே வழியைப் பிடிக்கும் என்பது அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்வது. விமானத்தில் வந்து அந்த முதல் கரிபூக்களுக்கு எதிரேயே கூடாரம் அடிக்கிறவர்களைப் பார்த்து அவர்களுக்கு வயிறு எரியாதா? நம் ஊர்க் குளத்தில் தண்ணீர் வற்றும்போது டேங்கர் லாரி வந்து நின்றால் நாம் என்ன பேசுவோம்?

"அப்ப நாங்க போகவே கூடாதா?" போங்க சாமி, யார் தடுத்தது? நானும் போகிறவன்தான். அமெரிக்கக் குடிமகனுக்குக் கரிபூவுக்குக் கைடு தேவையில்லை; வெளிமாநிலத்தவருக்கு லைசென்ஸ் 160 டாலர், சுடுகிற கரிபூவுக்கான டேக் 650. ஆனால் டெக்சாஸ் தம்பி, கோயம்புத்தூரிலிருந்து மச்சானையும் கூட்டிவந்து சுடவைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குக் கைடு கட்டாயம். ஹார்ட் போட்டவர்களில் ஒருவர் இதைச் சொன்னாரா? சிறு விமானத்தில் போய் இறங்கினால் மறுநாள் அதிகாலை 3 மணிவரை சுடக்கூடாது என்றாவது? கொம்பைத் தூக்கி வருவதற்கு முன்பே இறைச்சி காட்டைவிட்டு வெளியே வர வேண்டும், சில யூனிட்டுகளில் (வேட்டைப் பகுதிகளில்) எலும்போடுதான் வர வேண்டும் என்றாவது? டால்டன் சாலையில் இரண்டு பக்கமும் ஐந்து மைலுக்கு வில் மட்டும்தான். துப்பாக்கி என்றால் எட்டுக் கிலோமீட்டர் உள்ளே நடக்கணும், அதுவும் காலை வைத்தால் கவிழ்கிற புல்திட்டுகளுக்கு நடுவே, திரும்பும்போது முதுகில் ஒரு கரிபூத் தொடை. எனக்கு முட்டி இன்னும் வலிக்கிறது. இதையெல்லாம் எழுதினால் ஒரு லைக் வராது, "லொகேஷன் ப்ளீஸ்" மட்டும் வரும். இத்தனை வருஷத்தில் அங்கே இருக்கிறவர்கள் இந்தக் குளிருக்கு என்ன சாப்பிடுவார்கள் என்று என்னிடம் கேட்ட தமிழன் ஒருத்தன் இல்லை.

இடத்தை மறைக்கிறேனாம். மந்தை ஒரே இடத்தில் நின்றால்தானே மறைப்பதற்கு?

இன்பாக்ஸில் ஜிபிஎஸ் புள்ளி கேட்டவர்களுக்குப் பதில் வராது. அலாஸ்காவின் இந்த வருஷ வேட்டை விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த மந்தை, எந்த யூனிட் என்று சொல்லிக் கேளுங்கள். சீசன் நடுவில்கூட அவசர உத்தரவில் மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். ராத்திரி பதினொரு மணி ஆனாலும் பேசுகிறேன்.