எதிர்ப்பு வருவது உடலுக்கு அல்ல, பாக்டீரியாவுக்கு

‘நான் ஆன்டிபயாடிக்கைத் தொட்டதே இல்லை, அதனால் மருந்துக்கு அடங்காத கிருமி என்னை ஒன்றும் செய்யாது’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். இது தவறு, ஆபத்தான தவறும் கூட.

மருந்தை எதிர்க்கும் திறன் பாக்டீரியாவுக்குத்தான் வருகிறது, நம் உடலுக்கு அல்ல. அந்த பாக்டீரியா கை, தண்ணீர், உணவு, மருத்துவமனைக் கருவிகள் வழியாக யாருக்கும் தொற்றலாம். ஒரு மாத்திரைகூட எடுத்திராத பச்சிளங்குழந்தைக்கும் இப்படித் தொற்றுகிறது. பலரின் குடலில் எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில் தங்கியும் இருக்கும்.

இன்னொன்று, இந்தத் திறன் தாய் பாக்டீரியாவிடமிருந்து அது பிரிந்து உருவாகும் சேய் பாக்டீரியாவுக்கு மட்டும் போவதில்லை. பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக ஒரு பாக்டீரியா தன் எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். மற்ற மருந்துகள் பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான கோலிஸ்டினை முறியடிக்கும் எம்.சி.ஆர்.-1 மரபணு அப்படிப்பட்டதுதான். சீனாவில் பன்றிகள், இறைச்சி, நோயாளிகள் என மூன்றிலும் அது இருந்ததாக 2015-இல் தெரியவந்தது. அப்புறம் பல நாடுகளிலும் கண்டுபிடித்தார்கள்.

சரி, மருந்து எடுப்பவரின் உடலில் இத்தகைய பாக்டீரியா பெருக வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் எடுக்காதவர் தப்பித்தார் என்று அதற்குப் பொருள் இல்லை. 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் மரணங்களுக்கு இந்த எதிர்ப்பே நேரடிக் காரணம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.