விலக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது

திங்கட்கிழமை நான் எழுதிய நான்கு வரிப் பதிவுக்கு வந்த பதில்களை நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "டாக்டரை நம்பாதவர்கள் அவரிடம் ஏன் போக வேண்டும்?" என்று கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததைத் தெரியாதவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். அம்மாவின் பரிசோதனை முடிவை வேறொரு மருத்துவரிடமும் காட்டினேன் என்று எங்கள் மருத்துவரிடம் சொல்லியிருந்தேன். ஒன்பது ஆண்டுகளாக அம்மாவைப் பார்த்த மருத்துவர், "இனிமேல் பார்க்க முடியாதாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். கோவில்பட்டியிலிருந்து காலை ஆறு மணி பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போய், இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு. அம்மா எழுந்து போய் அந்தப் பெண்ணிடம், "நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா?" என்று கேட்டார். அவர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

ஒரு மருத்துவர் ஒரு நோயாளியை வேண்டாம் என்று சொல்லலாம். இதை நான் திங்கட்கிழமையும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில்நெறி விதிகளே அந்த உரிமையைக் கொடுக்கின்றன. 2023இல் கொண்டுவந்த புதிய விதிகளை அதே மாதத்தில் நிறுத்திவைத்துவிட்டதால் இந்தப் பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. அவசர நிலை தவிர, யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்பது மருத்துவரின் விருப்பம். ஆனால் அதே பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது. ஒருவரை ஏற்றுக்கொண்ட பிறகு கைவிடக் கூடாது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் போதுமான அவகாசம் கொடுத்து அறிவிக்காமல் விலகக் கூடாது. நான் கேட்பது இந்த இரண்டாவது பாதியை மட்டும்தான். ஒரு கடிதம். ஒரு மாதத்துக்கு மருந்துச் சீட்டு. அம்மாவின் ஃபைல். மூன்றும் கொடுத்திருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

"ஒரு மாதச் சீட்டு இல்லாவிட்டால் என்ன, கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்க வேண்டியதுதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அம்மாவுக்கு மூட்டுகள் வீங்கி வலிக்கும் சரவாங்கி நோய். அதற்கு அவர் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கல்லீரலைப் பாதிக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத்தான் அதைத் தொடர வேண்டும். கூடவே நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரையும் போகிறது. அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் இறங்கி ஆளையே சாய்த்துவிடும். அன்று வீட்டில் பதினொரு நாள் மாத்திரைதான் இருந்தது. இதெல்லாம் எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதானே அனுப்பினார்? ஒன்பது ஆண்டு பார்த்த ஒருவரிடம் எத்தனை நாள் மாத்திரை மிச்சமிருக்கிறது என்று கேட்கக்கூடவா தோன்றாது?

அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் லேபிள் ஒட்டியவர். பசை தொட்டு, ஒட்டி, கட்டை விரலால் ஒரு இழுப்பு. பெட்டி திரும்பிவிடும். சின்ன வயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பேன், என்னால் தொடர முடியாது. இன்று அந்தக் கட்டை விரல் உள்பக்கமாக மடிந்து கிடக்கிறது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. தண்ணீர்ச் செம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்குவார், விரல் படாமல். ஒரு மருந்து ஒரு வாரம் தவறினால் அந்தச் செம்பையும் நான்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், வேறொரு மருத்துவரிடம் போனேன். அம்மாவின் இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதியின் (என்சைம்) அளவு 118 என்று வந்திருந்தது. நாற்பதைச் சுற்றி இருக்க வேண்டியது அது. எங்கள் மருத்துவரிடமிருந்து "ஒன்றும் இல்லை" என்று ஒரு வார்த்தைதான் எங்களுக்குக் கிடைத்தது. பயந்துபோய் மதுரையில் ஒருவரிடம் காட்டினேன். ஒரு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி மறுபடி பரிசோதிக்கலாம் என்றார். அதை எங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னேன். மறைத்திருக்கலாம், நிறையப் பேர் மறைக்கிறார்கள். அவரை மதித்ததால்தான் சொன்னேன். இதைப் போய் நம்பிக்கைத் துரோகம் என்று எழுதுகிறீர்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம், பெற்ற தாயின் கல்லீரலுக்கு இரண்டாவது ஒருவரிடம் கேட்பது எப்படித் துரோகம் ஆகும்?

மருத்துவர்கள் தாக்கப்படுவதைப் பற்றி எழுதியவர்களுக்கு: 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டபோது அதைக் கண்டித்து இதே பக்கத்தில் எழுதியவள் நான். "குத்தியவனும் ஒரு நோயாளியின் மகன்தான்" என்று என் பதிவின் கீழே வந்து எழுதியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி கேட்ட மகளும் கத்தி எடுத்த மகனும் உங்களுக்கு ஒன்றா? எனக்கு அது வலித்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுங்கள்" என்பவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் புதிய மருத்துவரைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். மதுரையில் கருத்துச் சொன்னவரே, "அவருடைய நோயாளியை நான் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்காது" என்று கைகூப்பினார். இன்னொருவர் பழைய ஃபைல் இல்லாமல் தொட மாட்டேன் என்றார். ஃபைல் கேட்டால் ஆஸ்பத்திரியில், "அது எங்களுடையது" என்கிறார்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நாங்கள் எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. மூன்றாவது இடத்தில் தொலைபேசி எடுத்தவர் முதலில் கேட்டதே, "ஏன் அவரை விட்டு வருகிறீர்கள்?" என்றுதான். அவர் எங்களை விட்டார் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் குற்றம் எங்கள் மேல்தான் விழும். இதில் புகாரும் கொடுத்தால் எந்த மருத்துவர் அம்மாவை உள்ளே விடுவார்?

இடையில் மாத்திரை தீரும் நேரத்தில், எங்கள் தெருவில் காய்ச்சலுக்குப் பார்க்கும் பொது மருத்துவர்தான் ஸ்டீராய்டை மட்டும் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். மற்றதை எழுத எனக்கு அனுபவம் போதாது அம்மா என்று வெளிப்படையாகச் சொன்னார். கட்டணம் வாங்கவில்லை. அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

பத்தொன்பதாவது நாள் மதுரையிலேயே ஒரு பெண் மருத்துவர் கிடைத்தார். ஃபைல் இல்லை என்றதும் முகம் சுளிக்கவில்லை. அம்மாவின் கையை மேசைமேல் வைத்து ஒவ்வொரு விரல் கணுவையும் கட்டை விரலால் அழுத்தி, "இங்கே வலிக்கிறதா, இங்கே?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று எண்ணிக்கொண்டே போனார். அம்மா ஒவ்வொன்றுக்கும் பயந்து பயந்து பதில் சொன்னார். நான் தாளில் எழுதிக் கொண்டுபோன நான்கு கேள்விகளில் ஒன்றைத்தான் கேட்டேன். இரண்டாவதைத் தொடங்கும்போது மேசைக்கு அடியில் அம்மாவின் முழங்கால் என் முழங்காலை இடித்தது.

பழைய மருத்துவருக்கு ஒவ்வொரு முறையும் அம்மா ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொண்டுபோவார். இந்த முறையும் வாங்கிப் பையில் வைத்திருந்தார். வெளியே வந்து பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அதை எடுத்துக் கொடுக்கவே இல்லை என்பதைப் பார்த்தேன். மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். "இல்லை. முதலில் இந்த அம்மா நம்மை வைத்துக்கொள்கிறாரா, பார்ப்போம்" என்றார்.