திம்பம் இறங்க ஆல் வீல் டிரைவ் எதற்கு?

"ஏனுங்க மாப்ள, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வால்பாறை, திம்பம்னு போறோம். நாலு வீலும் இழுக்குற வண்டியா எடுத்துட்டா பாதுகாப்புத்தானுங்களே?"

கோவை, ஈரோடு பக்கம் புது வண்டி எடுக்கப்போகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் இதைக் கேட்டுவிடுகிறார்கள். பாதுகாப்புக்காக என்றால் வேண்டாம் என்பதுதான் என் பதில். உடனே முகம் சுருங்கிவிடும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

இன்ஜினின் விசையை நாலு சக்கரத்துக்கும் கொண்டுபோகிற ஏற்பாடுதான் ஆல் வீல் டிரைவ். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதுதான் அதற்கு முக்கிய வேலை. பிரேக் எல்லா வண்டியிலும் ஏற்கெனவே நாலு சக்கரத்திலும் இருக்கிறது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் மழையோடு இறங்கும்போது வண்டியை நிறுத்துவதும், தடம் மாறாமல் திருப்புவதும் டயரும் பிரேக்கும்தான். அதோடு இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கும் பொறுமையும் வேண்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் சட்டப்படியே அது ஓடத் தகுதியில்லாத டயர். நம் ஆட்கள் வழவழவென்று ஆன பிறகும் "இன்னொரு தீபாவளி தாங்குமுங்க" என்பார்கள். அப்புறம் ஆல் வீல் டிரைவுக்கு லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பார்கள்!

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. ஈரத் தரையில் சாதாரண வண்டியைக் கிளப்பினால் சக்கரம் லேசாக வழுக்கி, ரோடு சரியில்லை என்று சொல்லிவிடும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி சத்தமில்லாமல் கிளம்பி வேகம் எடுத்துவிடும். வழுக்கல் தெரியவருவது அடுத்த வளைவில் பிரேக்கை மிதிக்கும்போதுதான்.

ஆல் வீல் டிரைவ் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, டிஃபரன்ஷியலில் இருந்து தொடங்க வேண்டும். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் டயர் தேயும், வண்டியும் ஒழுங்காகத் திரும்பாது. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றத்தான் நடுவே டிஃபரன்ஷியல். அதன் குறை, இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்கு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால், அதைச் சுற்ற எவ்வளவு சொற்ப விசை போதுமோ அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் மற்ற சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

கோபி பக்கம் டிராக்டரில் சேற்றுழவு ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பக்கச் சக்கரம் புதைந்து சுற்றினால் டிஃபரன்ஷியல் லாக் பெடலைக் குதிகாலால் மிதிப்பார்கள். இரண்டு சக்கரமும் பூட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றும், டிராக்டர் வெளியே வந்துவிடும். மிதித்தபடியே திருப்பக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

காரில் இதே சிக்கல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலும் வருகிறது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று நீண்ட பாதையில் போகும். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளில் ஃபோர் ஹெச் (சாதாரண வேகத்தில் நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால், விசையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற கியர் பெட்டி இரண்டு அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லை. முறுக்கு உள்ளேயே ஏறி ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், கியர் பாகங்கள் கஷ்டப்படும். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வெயில் நாளில் அவற்றை ஃபோர் ஹெச் போட்டு ஏறுகிற அன்பர்களே, தயவுசெய்து இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹெச்சுக்கு மாற்றுங்கள்.

ஆல் வீல் டிரைவ் என்ற பெயரில் விற்கும் மாருதி கிராண்ட் விட்டாரா போன்ற வண்டிகளில் ஏற்பாடு வேறு. சாதாரணமாக முன் சக்கரங்கள்தான் இழுக்கும். வழுக்கல் வந்தாலோ வரும் என்று கம்ப்யூட்டர் கணித்தாலோ, பின் அச்சுக்கு முன்னால் இருக்கும் கிளட்ச் பிடித்துக்கொண்டு பின் சக்கரங்களுக்கும் விசை அனுப்பும். சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, எதிர்ப் பக்கத்துக்கு விசையைத் தள்ளும் வேலையையும் இன்றைய வண்டிகள் செய்கின்றன. ஓட்டுபவர் எந்த லீவரையும் தொட வேண்டாம். இதற்கெல்லாம் விலை உண்டு. 2022ல் வந்தபோது அந்த வண்டியின் மேனுவல் மாடலுக்கு அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், ஆல் வீல் டிரைவுக்கு 19.38.

"அப்புறம் ரேலிக்காரங்க எல்லாம் ஏனுங்க அதையே ஓட்டுறாங்க?" என்று செட்டிபாளையம் ரேஸ் டிராக் பக்கத்துப் பையன்கள் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. 1980ல் ஆடி கம்பெனியின் ஆல் வீல் டிரைவ் காரான குவாட்ரோ வந்தது. 1982லும் 1984லும் உலக ரேலி தயாரிப்பாளர் பட்டம் ஆடிக்குத்தான். சரளை மண்ணில் வளைவை விட்டு வெளியே வரும்போது, மற்ற வண்டிகள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, குவாட்ரோ விசையை வீணாக்காமல் பாய்ந்தது. அவர்களுக்கு நொடிகள் மிச்சம். குடும்பத்தோடு பண்ணாரி தாண்டிப் போகிறவருக்கு அந்த நொடிகளை வைத்து என்ன செய்வது?

நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வால்பாறை எஸ்டேட்டுகளின் உள் பாதைகள், மழைக்காலத்தில் காட்டாறு குறுக்கிடும் கடம்பூர் மலைக் கிராமங்கள், ஐப்பசி மழையில் களிமண் இட்டேரி (இருபக்கமும் வேலி உள்ள மண் பாதை) வழியாகத் தினமும் தோட்டத்துக்குப் போக வேண்டியவர்கள். இவர்கள் ஷோரூமில் கேட்க வேண்டியது ஃபோர் எல் (நாலு சக்கரமும் குறைந்த கியரில் மெதுவாக இழுக்கும் நிலை) இருக்கிறதா, பின் டிஃபரன்ஷியலுக்கு லாக் உண்டா என்பதைத்தான். ஃபோர் எல் இருந்தால் செங்குத்தான மண் இறக்கத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல், இன்ஜினின் பிடியிலேயே நாலு சக்கரமும் மெதுவாக இறங்கும். இறக்கத்துக்கு உண்மையிலேயே உதவுவது இது ஒன்றுதான், அதுவும் மண் பாதையில். டயரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். ரோட்டு டயரின் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொண்டால் நாலு சக்கரமும் ஒன்றாக வழுக்கும், பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.